பிள்ளையோடு நீங்களும் உள்ளே வாருங்கள்

பினாங்கு ஆலய நிர்வாகத்தினருக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர்களுக்கும் செயலவையினருக்கும், பதின்ம வயதுப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் யாராவது எழுந்து இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வது நம் ஆலயங்களில் வழக்கமாகிவிட்டது. பையன்கள் வேப் என்ற மின்சிகரெட் பிடிக்கிறார்கள், பெண்பிள்ளைகள் எந்நேரமும் டிக்டாக்கில் இருக்கிறார்கள், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பதில்லை, நெற்றியில் திருநீறு இல்லை. கூட்டம் முழுக்கத் தலையாட்டும். பிறகு பெண்பிள்ளைகளின் உடை பற்றி ஒரு தீர்மானம் வரும், வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை ஏறும், தேநீர் குடித்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவோம். அண்மையில் அப்படி ஒரு தீர்மானம் நிறைவேறியபோது நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். கோயிலுக்கு அடக்கமாக உடுத்தி வர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் பிள்ளைகளுக்கு என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்திருந்தால் ஒரு பலகையோடு நாம் நிறுத்தியிருக்க மாட்டோம்.

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஓர் ஆலய மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை சமய வகுப்பு நடத்துகிறேன். சம்பளம் இல்லாத வேலை, அதைப் பற்றி எனக்குக் குறையும் இல்லை. என் குறை வேறு. வகுப்பு தொடங்கும் நேரத்தில் வாசலில் நின்று பார்த்தால் உங்களுக்கே விளங்கும். கார் வந்து நிற்கும். இன்ஜினை அணைக்காமலே அப்பா கதவைத் திறந்துவிடுவார், பிள்ளை இறங்கும், கார் போய்விடும். சிலர் கண்ணாடியை இறக்கி, "டீச்சர், இவன் பேச்சே கேக்க மாட்டேங்கிறான், நீங்க நல்லா கண்டிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். டோபிக் கடையில் துணியைப் போட்டுவிட்டு மாலையில் வந்து எடுத்துக்கொள்வது போலப் பிள்ளையை ஒப்படைக்கிறார்கள். வாரத்தில் ஒன்றரை மணி நேரம் என்னிடம் இருக்கும் பிள்ளை, மிச்ச நேரமெல்லாம் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். பெற்றோர் கூட உட்காராத சமயக் கல்வி பதின்ம வயதில் பிள்ளையின் மனத்தில் நிற்காது. ஆலயங்கள் பெற்றோரை உள்ளே அழைக்க வேண்டும். பெற்றோர் வர வேண்டும். மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நம் மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் ஆண்டு வரை அந்தப் பிள்ளைகள் நம் கண்முன்னே இருக்கிறார்கள். பள்ளியில் சரஸ்வதி பூஜை, திருமுறை ஓதும் போட்டி, ஆலய வகுப்பு என்று எல்லாம் நடக்கும். என் வகுப்பிலும் சிறுவர் பிரிவில் உட்கார இடம் போதாது. படிவம் ஒன்றுக்குப் போனதும் கூட்டம் கரைந்துவிடும். தேசிய இடைநிலைப்பள்ளி, சனிக்கிழமை புறப்பாட நடவடிக்கை, ஞாயிற்றுக்கிழமை டியூஷன், புது நண்பர்கள். "இனிமே படிப்புதான் முக்கியம் டீச்சர்" என்று அம்மாக்கள் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். போட்டியில் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது, சமயம் முடிந்தது என்பது போல ஒரு நினைப்பு. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர், தலைமையாசிரியர், கேண்டீன் அக்கா என்று எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை, பதின்மூன்று வயதில் ஆயிரக்கணக்கானோர் படிக்கும் பள்ளியில் மொழியும் தெரியாமல் ஆளும் தெரியாமல் தனியாக நிற்கிறது. கேள்விகள் முளைக்கும் வயதும் அதுதான். அந்த நேரம் பார்த்து நாம் கையை விட்டுவிடுகிறோம்.

பள்ளியில் நன்னெறிக் கல்வி இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இஸ்லாமியப் பிள்ளைகள் சமயக் கல்வி படிக்கும் நேரத்தில் நம் பிள்ளைகள் நன்னெறிக் கல்வி படிக்கிறார்கள், ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்விலும் அது ஒரு பாடம். அந்த ஆசிரியர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தேர்வுக்காகப் படிக்கும் பாடத்தில் பிள்ளை தன் வீட்டுக் கதையை எழுதாது. எந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்குமோ அதைத்தான் எழுதும்.

என் வகுப்பில் மூத்த பிள்ளைகளுக்கென்று ஓர் எவர்சில்வர் டப்பா வைத்திருக்கிறேன். மூடியில் துளை போட்டது. பெயர் எழுதாமல் கேள்வியைத் தாளில் எழுதி மடித்துப் போடலாம். முதலில் கிண்டலாகச் சில தாள்கள் வந்தன. பிறகு வந்தவற்றைப் படித்துவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் போய் அழுதிருக்கிறேன். யாருடையது என்று யாருக்கும் தெரியாதபடி சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

"அப்பா குடிச்சிட்டு அம்மாவ அடிக்கிறாரு. தீபாவளிக்கு அவர் கால்ல விழுந்து கும்பிட்டா எனக்குப் புண்ணியமா?"

"அவன் என் போட்டோ கேக்குறான். அனுப்பலன்னா லவ் இல்லன்னு அர்த்தம்னு சொல்றான். நான் கெட்ட பொண்ணா?"

"ஸ்கூல்ல ஒரு குரூப்புல சேரச் சொல்றாங்க. சேரலன்னா அடி. முருகன் வருவாரா?"

"அம்மா எப்பவும் என் தம்பிய ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சாமிக்கும் அப்படித்தானா?"

இந்தக் கேள்விகளை எழுதும் பிள்ளைகளைக் கெட்டுப்போனவர்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எது சரி எது தவறு என்று தேடித் தவிக்கும் பிள்ளைகள் இவர்கள். கேட்க ஆள் இல்லாமல் டப்பாவில் போடுகிறார்கள். இவற்றில் எதற்காவது அறிவிப்புப் பலகையில் விடை உண்டா?

ஆலயத்தில் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதிலும் நாம் மாற வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பண்ணோடு பாடக் கற்றுக்கொடுக்கிறோம், நல்லது. பதினைந்து வயதுக்கும் அதையே கொடுத்தால் போதாது. அந்த வயதுக்குத் தேவையானது நம் சமயத்திலேயே கொட்டிக் கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுந்தரர் வரலாற்றை முழுதாகச் சொன்னேன். திருவாரூரில் பரவையாரை மணந்தவர், பிறகு திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு அவரையும் மணக்க ஆசைப்படுகிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்து தர வேண்டிய நிலை வருகிறது. சந்நிதியில் செய்த சத்தியத்தை மீற முடியாதே என்று, அந்த நேரம் மட்டும் மகிழ மரத்தடியில் போய் இருக்கும்படி இறைவனையே கேட்டுக்கொள்கிறார். இறைவனோ மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிடுகிறார். பின்னொரு நாள் திருவாரூர் ஆசை வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போய்விடுகிறது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது, காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண்.

மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அதுவரை எந்த ஞாயிறும் வாய் திறக்காத ஒரு பெண்பிள்ளை சொன்னது: "அவர் சாமி இல்லாத எடத்துல சத்தியம் பண்ணணும்னு முன்னாடியே பிளான் பண்ணியிருக்காரு டீச்சர். அதுக்குப் பேரு ஏமாத்துறது." ஒரு பையன் மறுத்தான், அவருக்கு ஊர் ஞாபகம் வந்தது, அது தப்பா என்றான். இன்னொருத்தி, சங்கிலிக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாருமே கேட்கவில்லையே என்றாள். கொடுத்த வாக்கு, ஆசை, ஏமாற்றம், தண்டனை என்று அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். நான் இரண்டே இரண்டு விஷயம்தான் எடுத்துச் சொன்னேன். இறைவனுக்கு மிக வேண்டியவர் என்பதால் அவர் தண்டனைக்குத் தப்பவில்லை. தண்டனை கிடைத்துவிட்டது என்பதால் கைவிடப்படவும் இல்லை. ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு அதை நோட்டில் எழுதினான். தேர்வு இல்லாத வகுப்பில் யாரும் சொல்லாமல் ஒரு பிள்ளை எழுதுவதை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு தந்தை நிர்வாகத்திடம் புகார் கொடுத்தார். வயசுப் பிள்ளைங்ககிட்ட ரெண்டு பொண்டாட்டிக் கதையெல்லாம் எதுக்கு என்று. என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த ஐயாவிடம் நான் மரியாதையோடு கேட்டது ஒன்றுதான்: உங்கள் மகன் கைப்பேசியில் பார்ப்பதைவிடவா நாயன்மார் வரலாறு அவன் மனத்தைக் கெடுத்துவிடப் போகிறது? அன்று அவர் மகனோடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் புகார் எழுதியிருக்க மாட்டார். பிள்ளைகள் எப்படிப் பேசினார்கள் என்று கேட்டிருப்பார். திரும்பிப் போகும்போது காரில் அப்பாவும் மகனும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு போயிருப்பார்கள். அந்தக் காரில் நடக்க வேண்டிய பேச்சுதான் எனக்கு வேண்டும். அதை என்னால் மண்டபத்தில் நடத்த முடியாது.

பெற்றோரே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாதது அல்ல. 1972-இல் தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து நம் குடும்பங்கள் ஷிப்ட் கணக்கில்தான் வாழ்கின்றன. அம்மா காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை, அப்பா இரவு வேலை அல்லது லாரி, கிராப் வாடகைக் கார் ஓட்டம். பிறையிலிருந்து பாலம் தாண்டிப் போய்வரும் நேரத்தையும் கூட்டினால் பிள்ளை முழித்திருக்கும்போது வீட்டில் ஆள் இருப்பதே அரிது. வாடகை, கார் தவணை, டியூஷன் கட்டணம் எல்லாம் இருக்கிறது. பிள்ளைக்காகத்தான் ஓடுகிறோம் என்று நீங்கள் சொல்வது முழு உண்மை. உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. ஓய்வு நாளில் மிஞ்சும் அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு மணி நேரத்தைத்தான் கேட்கிறேன்.

ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள், பட்டணத்துக்கு வந்துதான் கெட்டார்கள் என்று மூத்தவர்கள் சொல்வதை நான் முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லார் கண்ணும் எல்லாப் பிள்ளை மேலும் இருந்தது உண்மை. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அப்பா அம்மா பிள்ளை மூவரும் சேர்ந்தே விரதம் பிடித்தார்கள், அதுவும் உண்மை. அதே தோட்டத்தில் கள்ளுக்கடையும் இருந்தது, சம்பள நாளில் அடிவாங்கிய பெண்களும் இருந்தார்கள். அந்தப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் அடுக்குமாடிக்கு வந்தோம். சேர்ந்து விரதம் பிடித்ததை விட்டுவிட்டு வந்தோம், குடியைக் கொண்டு வந்தோம். இன்று பிறந்தநாள் விருந்தில், கல்யாண விருந்தில், ஏன் கருமாதி வீட்டிலும்கூட போத்தல் திறக்காமல் முடிவதில்லை. பன்னிரண்டு வயதுப் பையனை விட்டு ஐஸ் எடுத்து வரச் சொல்கிறோம். மூன்று வருடம் கழித்து அவன் வாயில் வாடை வந்தால் சமய ஆசிரியையைக் கூப்பிடுகிறோம்.

வேப் விஷயத்தில் அரசாங்கத்தின் பங்கும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் நிக்கோட்டின் திரவத்தை விஷப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது என்ற சட்டம் 2024 அக்டோபர் 1-இல்தான் நடப்புக்கு வந்தது. இடையில் இருந்த ஒன்றரை ஆண்டில் எத்தனை பிள்ளைகள் பழகிப்போனார்கள்! சட்டத்தின் ஓட்டையை நம்மால் அன்றே அடைத்திருக்க முடியாது. ஆனால் மாம்பழ வாசனையும் தர்ப்பூசணி வாசனையும் பள்ளிப் பையிலிருந்து வரும்போது அதை முதலில் முகர வேண்டியவர்கள் பள்ளிக் கட்டொழுங்கு ஆசிரியர்கள் அல்லர்.

மகன், மகள் விஷயத்துக்கு வருகிறேன். கோபத்தோடுதான் வருகிறேன். ஒழுக்கம் என்ற பேச்சை எடுத்தாலே நம் வாய் பெண்பிள்ளையிடம்தான் போகிறது. அவள் என்ன உடுத்தினாள், எத்தனை மணிக்கு வந்தாள், யாரோடு சிரித்தாள். அவளிடம் போட்டோ கேட்டவன் வீட்டில் யாராவது அவனை ஒரு வார்த்தை கேட்டார்களா? அவனுக்கும் ஓர் அம்மா இருக்கிறாள், அவனும் பழனிக்கோ நம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கோ நேர்ந்துகொண்டு மொட்டை போட்ட பிள்ளைதான். பெண்ணை மதிக்கச் சொல்லி அவனுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அம்மனுக்குப் பால்குடம் எடுக்கும் வீட்டில், அண்ணனுக்குத் தட்டு எடுத்துக் கழுவும் வேலை தங்கைக்கு மட்டும் இருந்தால், பிள்ளை கற்றுக்கொள்வது பால்குடத்திலிருந்து அல்ல.

நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017. அதில் பிள்ளை என்றால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாரும். அந்த வயதுப் பிள்ளையின் ஆபாசப் படத்தை எடுப்பது, வைத்திருப்பது, அடுத்தவருக்கு அனுப்புவது எல்லாமே குற்றம். உங்கள் மகன் விளையாட்டாக வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடும் ஒரு படம் அவன் எதிர்காலத்தையே முடித்துவிடும். இன்னொன்று, செயலவை உறுப்பினர்களே, இது உங்களுக்கு. அந்தச் சட்டத்தின்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதும் குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். "குடும்ப மானம் போயிடும், கோயிலுக்குக் கெட்ட பேரு, நாமளே பேசித் தீர்த்துக்கலாம்" என்று எத்தனை விவகாரங்கள் ஆலய அலுவலக அறைக்குள் மூடப்படுகின்றன என்பது உங்கள் மனச்சாட்சிக்குத் தெரியும். அப்படி மூடப்பட்ட ஒன்றில் பாதிக்கப்பட்ட பிள்ளை பள்ளியை மாற்றிக்கொண்டு போனாள். செய்தவர் அடுத்த திருவிழாவில் மாலை மரியாதை வாங்கினார். எந்த ஆலயம் என்று நான் எழுத மாட்டேன், அந்தப் பிள்ளையை யாரும் தேடிப் போகக் கூடாது. ஆனால் இதைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறவர்கள் பதறட்டும். இப்படி ஒரு பிள்ளை உங்களிடம் வாய் திறந்தால் 15999 என்ற அரசாங்க உதவி எண்ணை அழையுங்கள், காவல்துறைக்குப் போங்கள். நாட்டாமை பண்ணாதீர்கள்.

அவசரக் கல்யாணங்களும் அப்படித்தான். பிள்ளை தவறிவிட்டாள் என்று தெரிந்ததும் நாள் நட்சத்திரம் பார்க்காமல் ஒரு தாலியைக் கட்டி மானத்தைக் காப்பாற்றப் பார்க்கிறோம். முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்களுக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதை எல்லையாக வைத்திருக்கிறது. 16 முடிந்த பெண்ணுக்கு முதலமைச்சரின் சிறப்பு அனுமதி வாங்கினால்தான் முடியும். பதிவு இல்லாமல் சந்நிதியில் கட்டும் தாலி அந்தப் பெண்ணுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது, நாளைக்கு ஜீவனாம்சம் கேட்கக்கூட அவளுக்கு வழி இருக்காது. அர்ச்சகர்களே, அப்படிப்பட்ட கல்யாணத்துக்கு மந்திரம் சொல்ல மாட்டோம் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

குண்டர் கும்பலைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2013-இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. மொத்தம் 40,313 உறுப்பினர்கள், அவர்களில் 28,926 பேர் இந்தியர்கள் என்றது. நாட்டு மக்கள்தொகையில் பத்து விழுக்காட்டையும் எட்டாத ஒரு சமூகத்துக்கு இந்தக் கணக்கு! வறுமை, தோட்டத்திலிருந்து நட்டாற்றில் விடப்பட்டது, பிறப்புப் பத்திரம் இல்லாமை, வேலை வாய்ப்பில் ஒதுக்கப்பட்டது என்று காரணங்களை அடுக்கலாம், அத்தனையும் உண்மை. ஆனால் பையன்கள் அங்கே எதைத் தேடிப் போகிறார்கள் என்று அவர்களிடமே கேட்டிருக்கிறேன். "அங்க என்னய மதிக்கிறாங்க டீச்சர், அண்ணன்னு ஒருத்தர் இருக்காரு" என்கிறார்கள். அப்பாவிடம் கிடைக்காத தோளை அந்த அண்ணனிடம் தேடுகிறார்கள். அந்த அண்ணனே தைப்பூசத்தன்று குழுவோடு சட்டை அச்சடித்துக்கொண்டு காவடிக்கு முன்னால் ஆடுகிறார், நாம் பந்தலில் நீர்மோர் கொடுத்து வரவேற்கிறோம். நன்கொடை கொடுப்பவர் என்பதற்காக யார் பணம் என்று கேட்காமல் உபயம் எழுதிக்கொள்கிறோம். பையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

தண்ணீர்மலையில் 513 படி ஏறி நிற்கும் எத்தனையோ இளைஞர்களின் பக்தி உண்மையானது. நாற்பத்தெட்டு நாள் விரதம் பிடித்து, தரையில் படுத்து, ஒருவேளை உண்டு வரும் பையன்களை நான் அறிவேன். அவர்களைப் பார்க்கும்போது நம் பிள்ளைகளால் முடியாதது எதுவுமில்லை என்று தோன்றும். விரதம் முடிந்த மறுநாள் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை என்பதுதான் என் வருத்தம். காவடி இறக்கியதும் ஆலயத்துக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு அடுத்த தை வரை அறுந்துபோகிறது.

இன்னொரு வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும், இது பெற்றோருக்காக. திருநாவுக்கரசருக்கு அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். மணமுடிக்க இருந்தவரும் போரில் மாண்டுபோக, தம்பிக்காகவே உயிரை வைத்திருந்தவர் திலகவதியார். அந்தத் தம்பி சமயத்தையே மாற்றிக்கொண்டு போனார். அக்காள் பின்னாலேயே போய்ச் சண்டை போடவில்லை. ஊரைக் கூட்டி அவமானப்படுத்தவில்லை. திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகி, தம்பிக்காக வேண்டிக்கொண்டிருந்தார். சூலை நோய் வந்து தம்பி ஆள் அனுப்பியபோது, நான் அங்கே வர மாட்டேன் என்று தன் கொள்கையில் உறுதியாக நின்றார். தம்பியே இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தபோது, ஏன் போனாய் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. திருநீற்றைக் கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். கண்டிப்பும் அன்பும் சேர்ந்து இருப்பது இப்படித்தான். தவறிவிட்ட பிள்ளைகள் நம் வீட்டுக்குத் திரும்பி வரப் பயப்படுகிறார்கள், பெற்றோரே. அடிக்குப் பயப்படவில்லை. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள் என்று பயப்படுகிறார்கள்.

ஆலய நிர்வாகத்தினரிடம் நான் வேண்டுவதைச் சொல்லிவிடுகிறேன். மண்டபம் கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகாத நாட்களில் பூட்டிக் கிடக்கிறது. பள்ளி விட்டதிலிருந்து அம்மா வேலை முடிந்து வரும் வரை, பதின்ம வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவும், கேரம் விளையாடவும், ஒரு தட்டு சாப்பாடு சாப்பிடவும் அதைத் திறந்துவிடுங்கள். அன்னதானம் நமக்குப் புதிதில்லை. சாப்பாட்டு நேரத்தைப் பள்ளிப் பிள்ளையின் பசிக்குத் தக்க மாற்றினால் போதும். கோபுரத்துக்கு வர்ணம் பூச உபயம் கேட்பது போல் இதற்கும் உபயம் கேளுங்கள், கொடுக்க ஆள் இருக்கிறார்கள். படித்துவிட்டு வேலைக்குப் போயிருக்கும் இளைஞர்களை, கும்பலில் இருக்கும் அந்த அண்ணனின் இடத்தில் நிற்கக் கூடியவர்களை, மாலையில் வந்து உட்காரச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை ஒரு மனநல ஆலோசகரையும் ஒரு பெண் மருத்துவரையும் வரவழையுங்கள். செயலவையில் இரண்டு இடத்தை இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுங்கள், அதில் ஒன்று பெண்ணாக இருக்கட்டும். தைப்பூசத்தில் கும்பல் சட்டையும் குடியும் இருக்கும் குழுவை, அது செயலவை உறுப்பினரின் சொந்தக்காரர் குழுவாக இருந்தாலும், பந்தலில் ஏற்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், சமய வகுப்புப் பதிவு பாரத்தை மாற்றுங்கள். பிள்ளையின் பெயருக்குக் கீழே, கூட உட்காரப் போகும் அப்பா அல்லது அம்மாவின் பெயருக்கும் ஒரு கோடு போடுங்கள். இருவரும் இல்லாத பிள்ளைக்குத் தாத்தா, பாட்டி, மாமா, அத்தை யாராவது வரட்டும். அதுவும் இல்லாத பிள்ளையோடு செயலவையில் ஒருவர் வந்து உட்காருங்கள். முதல் வாரம் சிணுங்குவார்கள், நமக்கு எதுக்கு இந்த வயசுல பாடம் என்பார்கள். வரட்டும். பிள்ளையின் பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அப்பாவைப் பிள்ளை பார்க்கட்டும்.

எங்கள் மண்டபத்தில் அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் மூத்த பிள்ளைகள் பிரிவை இப்படித்தான் நடத்தப் போகிறேன், நிர்வாகம் ஒப்புதல் தந்துவிட்டது. காலை ஒன்பது மணி. பாய் போட்டிருக்கும், தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. எவர்சில்வர் டப்பாவில் இனி பெற்றோரும் தாள் போடலாம், பெயர் எழுத வேண்டியதில்லை. மற்ற ஆலயங்களில் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் வந்து பார்க்க விரும்பினால் தாராளமாக வாருங்கள், உங்கள் தலைவரையும் அழைத்து வாருங்கள்.

அன்புடனும் அக்கறையுடனும்,
செபராங் பிறையில் சமய வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியை